மருந்து கேட்காமல் போவது ஏன்? புற்றுநோய் செல்லும் அதன் மரபணுவும்

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது மாத ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இருமல் நின்றது, பசி எடுத்தது, மனிதர் மறுபடி காபித் தோட்டத்துக்கு நடந்து போனார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதே மாத்திரை, அதே அளவு, அதே நேரம். கட்டி மட்டும் வளர்கிறது.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை என்று நம் பழனி மலை ஊர்களிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கு பஸ் ஏறிப் போய்ச் சிகிச்சை எடுக்கும் குடும்பங்களில் இப்படி நடந்தால், முதலில் எழும் கேள்வி யார் செய்த தப்பு என்பதுதான். திருவிழா அன்று ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனதாலா? கறி சாப்பிட்டதாலா? நடுவில் யாரோ கொடுத்த கஷாயத்தாலா? கடைசியில் ஒரு பெரியவர், உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று சொல்லி முடித்துவைப்பார். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட மனைவியோ மகளோ அதன் பிறகு பல மாதம் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருப்பாள்.

இந்த மலையில் பிறந்து, பிறகு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை வளர்த்து, அவை மருந்தை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கும் வேலை செய்தவள் நான். அந்தப் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மருந்தைத் தாங்கும் செல், பல நேரங்களில், முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்பே கட்டிக்குள் இருக்கிறது. இதை நம்பச் சொல்லி நிறுத்திவிட மாட்டேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மரபணுவில் நடப்பது, ஆனால் பரம்பரை அல்ல

புற்றுநோய் மரபணுவில் வரும் கோளாறு என்று சொன்னதும், பிள்ளைகளுக்கும் வருமா என்று பயந்து கேட்பார்கள். பெரும்பாலும் வராது. பரம்பரையாகப் பெற்ற மரபணு மாற்றம் முக்கியக் காரணமாக இருப்பது 100 புற்றுநோய்களில் 5 முதல் 10 வரைதான். பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றத்தால் ஒரே குடும்பத்தில் பல பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது அந்த வகை. மற்றவை எல்லாம் ஒரு மனிதரின் உடம்பில், அவர் வாழ்நாளில், ஏதோ ஒரு செல்லில் நடந்த மாற்றங்கள். அவை அவரோடு முடிந்துவிடும்.

அந்த மாற்றம் எப்படி வருகிறது? நம் ஒவ்வொரு செல்லிலும் தாய் கொடுத்த ஒரு பிரதியும் தந்தை கொடுத்த ஒரு பிரதியுமாக டிஎன்ஏ இருக்கிறது. ஒரு பிரதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் நொதிகள் வியக்கத்தக்க அளவு துல்லியமானவை, தாங்கள் விட்ட பிழையைத் தாங்களே திருத்தவும் செய்கின்றன. அப்படியும் சில பிழைகள் தங்கிவிடும். புகையிலை, வெயிலின் புற ஊதாக்கதிர், சில வைரஸ்கள் பிழைகளைக் கூட்டுகின்றன. தங்கும் பிழைகளில் பெரும்பாலானவை எதுவும் செய்யாது. எப்போதாவது ஒன்று, செல்லைப் பிரியச் சொல்லும் மரபணுவில் விழுந்து அதை ஓயாமல் வேலை செய்ய வைக்கும். அல்லது பிரிவை நிறுத்தச் சொல்லும் மரபணுவில் விழுந்து அதைச் செயலிழக்க வைக்கும். டிபி53 என்பது அப்படி நிறுத்தச் சொல்லும் மரபணு. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது பழுதுபட்டிருக்கிறது. இப்படிச் சில மாற்றங்கள் ஒரே செல்லில் சேர்ந்துவிட்டால், அது நிற்காமல் பிரிய ஆரம்பிக்கிறது.

ஒரு பிழை நோயை உண்டாக்க முடியும் என்றால், அந்தப் பிழையையே குறிவைத்து மருந்து செய்யலாம் அல்லவா? இதற்கு நடந்த கதையே சிறந்த சான்று. 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்போர்டு என்ற இருவர், நாள்பட்ட ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் எப்போதும் ஒரு குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் இழை, குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-ல் ஜேனட் ரௌலி அதற்குக் காரணம் கண்டார்: 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டில் பிறந்த புதுப் புரதம், செல்லைப் பார்த்து பிரி, பிரி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தின் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்து அதன் வேலையை நிறுத்தும் மாத்திரைதான் இமாடினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில வருடங்களில் உயிரைப் பறித்துவந்த நோய், தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பல்லாண்டு வாழக்கூடிய நோயானது.

இந்த மருந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. இமாடினிப்பின் ஒரு வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை இல்லை என்றே முடிந்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் அதைத் தொடர்ந்து தயாரிக்க வழி இருந்தது. கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம் இந்த மாத்திரையை நினைத்துப் பார்க்க முடிகிறது என்றால், அதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனால் 2001-லேயே, மருந்து சந்தைக்கு வந்த அதே வருடம், இன்னொரு செய்தியும் வந்தது. சார்லஸ் சாயர்ஸ் குழு, இமாடினிப் கேட்காமல் போன நோயாளிகளின் செல்களைப் பிரித்துப் படித்தது. சிலரிடம் அந்த ஒட்டுப் புரதத்தின் 315-ஆம் இடத்தில் புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்களில் திரியோனின் போய் ஐசோலூசின் வந்திருந்தது. டிஎன்ஏ அளவில் பார்த்தால் மாறியது ஒரே ஓர் எழுத்து. அந்த ஒரு மாற்றத்தால் குழியின் வாசல் அடைபட்டு, மருந்து உள்ளே உட்கார முடியவில்லை. புரதம் பழையபடி வேலை செய்தது. அடுத்து வந்த தாசடினிப், நிலோடினிப் என்ற மருந்துகளாலும் இந்த மாற்றத்தை வெல்ல முடியவில்லை. அந்த அடைப்பையும் தாண்டிப் பொருந்தும்படி வடிவமைத்த பொனாடினிப் அமெரிக்காவில் அனுமதி பெற 2012 ஆனது.

அந்த எழுத்து எப்போது மாறியது?

இதுதான் இந்த விஷயத்தின் உயிரான கேள்வி. மருந்து வந்ததால் மாறியதா, மருந்து வருவதற்கு முன்பே மாறியிருந்ததா?

முதலில் ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் கட்டியில், அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவு கட்டியில், தோராயமாக 100 கோடி செல்கள் இருக்கலாம். டிஎன்ஏ-வின் ஒரு குறிப்பிட்ட எழுத்து தவறாகப் படியெடுக்கப்படுவது, சாதாரணச் செல்லில் 100 கோடி முதல் 1,000 கோடி பிரிவுகளுக்கு ஒரு முறை. மிக அரிது என்று தோன்றும். ஆனால் 100 கோடி செல்கள் உருவாக ஏறக்குறைய 100 கோடி பிரிவுகள் நடந்திருக்க வேண்டும், நடுவில் செத்துப்போன செல்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஆகவே கட்டி ஓரிரு சென்டிமீட்டர் ஆகும்போது, நீங்கள் எந்த எழுத்தைச் சுட்டிக்காட்டினாலும், அது மாறிய ஒரு செல்லாவது அங்கே எங்கோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படியெடுப்பைத் திருத்தும் மரபணுக்களே பழுதான புற்றுநோயில் இந்த வாய்ப்பு பல மடங்கு. முதல் ஸ்கேன் எடுக்கும் அன்று கட்டி பெரும்பாலும் இதைவிடப் பெரிதாக இருக்கிறது.

கணக்கு ஒரு சாத்தியத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. நிரூபணம் வேறு இடத்திலிருந்து வந்தது, அதுவும் புற்றுநோயைப் பற்றி அல்ல. 1943-ல் சால்வடோர் லூரியா, மேக்ஸ் டெல்புருக் என்ற இரண்டு அறிஞர்கள் பாக்டீரியாவை வைத்துச் செய்த பரிசோதனை அது. எனக்குத் தெரிந்த அறிவியல் பரிசோதனைகளில் மிக அழகானது இதுதான் என்பேன், கொஞ்சம் நின்று பாருங்கள்.

பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்று இருக்கிறது. ஒரு தட்டு நிறைய பாக்டீரியாவை வைத்து அந்த வைரஸை ஊற்றினால் ஏறக்குறைய எல்லாம் சாகும். சில மட்டும் பிழைத்துப் பெருகும். பிழைத்தவை வைரஸைக் கண்ட பிறகு அதைத் தாங்கக் கற்றுக்கொண்டவையா, முன்பே தாங்கக்கூடியவையா? நேராகப் பார்த்தால் சொல்ல முடியாது, ஏனென்றால் வைரஸை ஊற்றினால்தானே யார் தாங்குகிறார் என்பதே தெரியும்.

லூரியா இப்படி யோசித்தார். சில பாக்டீரியாக்களை மட்டும் எடுத்துப் பல சிறு குழாய்களில் தனித்தனியாக வளர விடுவோம். எல்லாக் குழாயிலும் கோடிக்கணக்கில் பெருகிய பிறகு, ஒவ்வொரு குழாயையும் வைரஸ் தடவிய ஒவ்வொரு தட்டில் ஊற்றுவோம். வைரஸைக் கண்ட பிறகுதான் பாக்டீரியா மாறுகிறது என்றால், எல்லாக் குழாய்க்கும் வாய்ப்பு ஒன்றுதான். தட்டுகளில் பிழைப்பவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மாறாக, வளரும்போதே, வைரஸ் வாசனையே இல்லாதபோதே, எங்கோ தற்செயலாக மாற்றம் நடக்கிறது என்றால் கதை வேறு. ஒரு குழாயில் அந்த மாற்றம் சீக்கிரமே நடந்திருக்கும், அதன் சந்ததி நூற்றுக்கணக்கில் பெருகியிருக்கும். இன்னொன்றில் கடைசி நேரத்தில் நடந்திருக்கும், ஒன்றிரண்டுதான் இருக்கும். பல குழாய்களில் நடந்தே இருக்காது.

தட்டுகளை எண்ணினார்கள். பலவற்றில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் ஒன்றிரண்டு. ஒன்றிரண்டு தட்டுகளில் மட்டும் நூறு, அதற்கும் மேல். மாற்றம் வைரஸுக்கு முன்பே நடந்திருந்தது. லூரியாவும் டெல்புருக்கும் 1969-ல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புற்றுநோய் செல்களிலும் இதே கேள்வியை இன்றைய கருவிகளோடு கேட்டிருக்கிறார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், லட்சக்கணக்கான நுரையீரல் புற்றுநோய் செல்கள் ஒவ்வொன்றின் டிஎன்ஏ-விலும் தனித்தனி அடையாளத் துண்டு ஒன்றைப் பொருத்தினார்கள். அவற்றைப் பெருக விட்டு, பல தட்டுகளில் பிரித்து, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து வந்த பிறகு தற்செயலாக மாறியிருந்தால் ஒவ்வொரு தட்டிலும் வேறு வேறு அடையாளம் பிழைத்திருக்கும். ஆனால் தட்டுக்குத் தட்டு பெரும்பாலும் அதே அடையாளங்களே பிழைத்திருந்தன. அந்தச் செல் குடும்பங்கள் மருந்துக்கு முன்பே தயாராக இருந்தன.

இங்கே முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தாங்கும் இந்தத் திறனை எதிர்ப்பு என்பார்கள். எல்லா எதிர்ப்பும் முன்கூட்டியே இருப்பதில்லை. சில செல்கள் எந்த எழுத்தும் மாறாமலேயே, பல மரபணுக்களை அணைத்து, வளர்ச்சியை நிறுத்தி, மருந்து ஓயும் வரை பதுங்கிக் கிடக்கின்றன. 2010 முதல் இவற்றைத் தீவிரமாகப் படித்துவருகிறார்கள். பதுங்கியிருக்கும் காலத்தில் புதிய பிழை ஒன்று விழுந்து, அங்கிருந்து எதிர்ப்பு பிறப்பதும் உண்டு. மாத்திரையை அடிக்கடி விட்டுவிட்டால் அதுவும் கெடுதல்தான். இமாடினிப் போன்றவற்றில் ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கே பலன் நிலைக்கிறது. ஆகவே மருந்தை ஒழுங்காகப் போடுங்கள். ஒழுங்காகப் போட்டும் கேட்காமல் போனால், திருவிழா அன்று விட்டுப்போன ஒரு வேளையை நினைத்து அழ வேண்டாம்.

முட்டைக்கோஸ் தோட்டத்தில்

மன்னவனூர்ப் பக்கம் முட்டைக்கோஸ் போடும் பெரியப்பா ஒருவரிடம் இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கேள்வியை அவரே கேட்டார்.

“ஏம்மா, போன வருஷம் அடிச்ச மருந்தத்தான் இப்பவும் அடிக்கிறேன். அப்ப பொலபொலன்னு உதிர்ந்துச்சு. இப்ப குளிச்சிட்டுப் போற மாதிரில்ல போகுது?”

“போன வருஷம் சாகாம தப்பிச்ச நாலஞ்சு புழுவோட வாரிசுங்கதான் பெரியப்பா இதெல்லாம்.”

அவர் கொஞ்ச நேரம் இலையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப நாமதான் பொறுக்கி விட்டிருக்கோம்” என்றார்.

அதுதான். புழு எதையும் கற்றுக்கொள்ளவில்லை. தாங்கும் புழு ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது. மருந்து தாங்காதவற்றை அழித்து அதற்கு இலை முழுவதையும் விட்டுக்கொடுத்தது. முட்டைக்கோஸின் வைரமுதுகு அந்துப்பூச்சி இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம். டி.டி.டி.-யை அது தாங்குவதை 1953-லேயே ஜாவாத் தீவில் பதிவு செய்தார்கள். அதன் பிறகு வந்த மருந்து வகைகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தாண்டியிருக்கிறது. கட்டிக்குள் நடப்பதும் இதே தேர்வுதான், இடம் மட்டும் மனித உடம்பு.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்

கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலைப் பெண் பிள்ளைகள் பலர் அங்கும் கீழே மதுரை, திண்டுக்கல், கோவையிலும் உயிர்த் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். பிள்ளை ஆய்வகத்தில் என்னதான் செய்கிறாள் என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல இது உதவட்டும்.

வேலை செல்லிலிருந்து தொடங்குகிறது. எப்போதோ ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடிக்குள் தொடர்ந்து பெருகப் பழக்கிய செல் வரிசைகள் உலகெங்கும் ஆய்வகங்களில் இருக்கின்றன. அவற்றில் மூத்தது 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிடமிருந்து, அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டது. அதை எடுத்து வேலை செய்யும் ஒவ்வொருவரும் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் இத்தகைய செல்களைக் காத்து, கேட்கும் ஆய்வகங்களுக்குத் தருகிறது. 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டியில் செல்கள் வளர்கின்றன. ஒரு பூஞ்சை வித்து உள்ளே போனால் எல்லாம் பாழ் என்பதால், வடிகட்டிய காற்று வீசும் மேடையில் கையுறையோடு உட்கார்ந்துதான் அவற்றைத் தொட முடியும்.

மருந்தைத் தாங்கும் செல்லை உருவாக்குவது பொறுமை கேட்கும் வேலை. முதலில் செல்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கும் மருந்தளவு எது என்று கண்டுபிடிப்பார்கள். மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை ஊற்றினால் உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும், ஊதாவின் அடர்த்தியை வைத்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கணக்கிடலாம். பிறகு அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே மருந்தைக் கொடுத்து, பிழைத்தவற்றை வளர்த்து, அளவைச் சற்றுக் கூட்டி, மறுபடி பிழைத்தவற்றை வளர்த்து என்று மாதக்கணக்கில் போகும். தொடக்கத்தில் இருந்த செல்களில் ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், உறைய வைத்திருப்பார்கள். கடைசியில் பழைய செல்லையும் தாங்கும் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிஎன்ஏ-வைப் படித்து ஒப்பிடுவதற்காக.

ஒப்பிட்டால் வித்தியாசங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அதில் எது காரணம், எது வெறுமனே கூட வந்தது? இங்கேதான் நல்ல ஆய்வும் மோசமான ஆய்வும் பிரிகின்றன. சந்தேகப்படும் அந்த ஒரு மாற்றத்தை மட்டும், மருந்துக்குச் சாகும் பழைய செல்லில் புகுத்திப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ-வைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் இன்று அது முடிகிறது. பழைய செல்லும் மருந்தைத் தாங்க ஆரம்பித்தால் அதுதான் காரணம். தாங்கும் செல்லில் அந்த மாற்றத்தைத் திருத்தியதும் மறுபடி மருந்துக்குச் சாகிறதென்றால் சந்தேகம் தீர்ந்தது. இந்தப் படியைச் செய்யாமல் பட்டியலை மட்டும் வெளியிடும் கட்டுரைகளை நான் பெரிதாக மதிப்பதில்லை.

கண்வலிக்கிழங்கு காட்டிக்கொடுத்த பம்ப்

பழனி மலையிலிருந்து இறங்கினால் ஒட்டன்சத்திரம், அதற்கு அப்பால் மூலனூர், தாராபுரம். அந்தப் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான். காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்து, காய் பறித்து, விதையை உலர்த்தி விற்கிறார்கள். மருந்து நிறுவனங்கள் அந்த விதையை வாங்குவது கோல்சிசின் என்ற பொருளுக்காக. மூட்டில் யூரிக் அமிலம் தங்கி வரும் கடும் வலிக்கு மிகச் சிறிய அளவில் அது மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும், விதையையும் கிழங்கையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களைக் கோல்சிசின் குலைத்துவிடும். அந்த நுண்குழல்களைப் படிப்பதற்காக, கனடாவின் டொரண்டோவில் விக்டர் லிங் என்ற ஆய்வாளர் 1970-களில் வெள்ளெலிச் செல்களில் கோல்சிசினைத் தாங்குபவற்றைத் தேர்ந்தெடுத்தார். நுண்குழல் புரதம் மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தார். அது மாறவில்லை. மருந்து செல்லுக்குள் சேரவே இல்லை. அதைவிட வியப்பு, கோல்சிசினை மட்டுமே பார்த்திருந்த அந்தச் செல்கள் வேறு பல மருந்துகளையும் தாங்கின. 1976-ல் ஜூலியானோவும் லிங்கும் காரணத்தை வெளியிட்டார்கள்: செல்லின் மேல் சவ்வில் ஒரு பெரிய புரதம் அளவுக்கு மீறி இருந்தது. பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே வரும் மருந்தைப் பிடித்து, செல்லின் ஆற்றலைச் செலவழித்து, வெளியே தள்ளும் பம்ப் அது என்று பிறகு தெரிந்தது.

புற்றுநோய்க்காகப் புதிதாகப் பிறந்த புரதம் அல்ல இது. நம் குடலிலும் சிறுநீரகத்திலும் மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இயல்பாகவே இருந்து, சாப்பாட்டோடு வரும் நஞ்சுகளை வெளியே தள்ளி நம்மைக் காக்கிறது. தாவரங்களிலிருந்து வந்த புற்றுநோய் மருந்துகள் பலவும், நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின் உட்பட, அதன் கண்ணுக்கு நஞ்சுகளே. அந்த பம்ப்பை அடைத்துவிட்டால் போதுமே என்று 1981-ல் ஜப்பானில் வெராபமில் என்ற இதய மருந்தை வைத்துக் காட்டினார்கள். தட்டில் அருமையாக வேலை செய்தது. மனிதர்களில் நடந்த சோதனைகள் பெரும்பாலும் ஏமாற்றின. காரணம் புரிகிறது: அதே பம்ப் நல்ல உறுப்புகளையும் காக்கிறது, அதை அடைத்தால் மருந்தின் கொடுமை அங்கும் ஏறும். இந்தத் தோல்வியை ஆய்வு மாணவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தட்டில் வென்றது நோயாளியின் உடம்பில் வெல்லும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஒன்றுக்குப் பதில் நான்கு

எதிர்ப்பின் முதல் பெரிய பாடத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரின் உழைப்பு இருக்கிறது. பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்கா போய் லெடர்லே நிறுவனத்தில் ஃபோலிக் அமிலத்துக்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை உருவாக்கினார். அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948-ல் வெளியான முடிவில் 16 குழந்தைகளில் 10 பேர் தேறியிருந்தார்கள். அதுவரை அந்த நோய்க்கு எதுவுமே கேட்டதில்லை. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்ஸேட்டை வைத்து 1978-ல் ராபர்ட் ஷிம்கேயின் ஆய்வகம் எதிர்ப்பின் ஒரு வழியைக் கண்டது: மருந்து தாக்கும் நொதிக்கான மரபணுவை செல் பல பிரதிகளாகப் பெருக்கி வைத்திருந்தது. மருந்து எத்தனையைத்தான் பிடிக்கும்?

ஒரு மருந்தைத் தாங்கும் செல் ஒரு கோடியில் ஒன்று, இன்னொரு மருந்தைத் தாங்கும் செல்லும் ஒரு கோடியில் ஒன்று என்று வையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கும் செல், அவை தனித்தனி வழிகள் என்றால், ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் ஒன்று. உடம்பில் அத்தனை புற்றுநோய் செல்கள் இருக்காது. 1960-களில் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின், பிரட்னிசோன் என்ற நான்கையும் சேர்த்துக் கொடுக்கத் துணிந்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 100-க்கு 90 பேர் அளவில் பிழைக்கிறார்கள். இத்தனை மருந்து ஏன், ஒன்று போதாதா என்று வார்டில் கேட்கும் பெற்றோருக்கு இந்தப் பெருக்கல் கணக்குதான் பதில். ஒரே ஒரு வழியில் பல மருந்துகளையும் தள்ளும் பம்ப் ஏன் அவ்வளவு ஆபத்தானது என்பதும் இதிலிருந்தே புரியும்.

வேறொரு பாதையும் இருக்கிறது. பம்ப்பை ஓட்ட ஆற்றல் வேண்டும். மருந்து இல்லாதபோது அந்தச் செல் சாதாரணப் புற்றுநோய் செல்லோடு போட்டியிட்டுப் பின்தங்கலாம். அப்படியானால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொன்று, தாங்குபவற்றுக்கு இடம் காலி செய்து கொடுப்பது சரியா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ராபர்ட் கேட்டன்பி, பூச்சி மேலாண்மையிலிருந்து நேராகவே இந்த யோசனையை எடுத்தார். 2017-ல் வெளியான ஒரு சிறு சோதனையில், முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 11 பேருக்கு அபிராடெரோன் கொடுத்து, நோயின் அளவைக் காட்டும் ரத்தக் குறியீடு பாதியானதும் மருந்தை நிறுத்தி, பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி தொடங்கினார்கள். வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவான மருந்திலேயே நோய் நீண்ட காலம் கட்டுக்குள் இருந்தது. மிகச் சிறிய சோதனை, பெரிய சோதனைகள் தேவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரத்தக் குறியீட்டை விடாமல் அளந்து மருத்துவர் முடிவு செய்யும் முறை அது.

நோய் திரும்பினால் கேட்க வேண்டியவை

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மனிதருக்கு வந்தது ஒரு வகை நுரையீரல் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறிய வகை. புகை பிடிக்காதவர்களிடமும், ஆசியாவில் பெண்களிடமும், இது அதிகம் காணப்படுகிறது. ஜெஃபிட்டினிப், எர்லோடினிப் மாத்திரைகள் இதற்கு நன்றாகக் கேட்கும், பிறகு கேட்காமல் போகும். அப்படிப் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் காரணம் ஒன்றே: டி790எம் என்ற ஒற்றை மாற்றம். 2005-ல் கண்டுபிடித்தார்கள். அதைக் கடக்கும் ஓசிமெர்டினிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2015-ல், பத்தே வருடத்தில். இப்போது பல இடங்களில் ஓசிமெர்டினிப்பையே முதல் மருந்தாகக் கொடுக்கிறார்கள். சி797எஸ் என்ற இன்னொரு மாற்றத்தால் அதையும் தாங்கும் செல்கள் வந்துவிட்டன, ஆய்வகங்கள் அடுத்த மருந்தில் இருக்கின்றன.

இதில் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது, திரும்பி வந்த கட்டி முதலில் பார்த்த கட்டி அல்ல என்பது. பழைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து அடுத்த மருந்தை முடிவு செய்தால் தவறிப் போகலாம். மறுபடி பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து சதைத் துண்டு, எடுக்க வேண்டுமா, மரபணுப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி செலுத்திச் சதை எடுக்க முடியாத இடத்தில் கட்டி இருந்தால், ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் டிஎன்ஏ-வைத் தேடும் பரிசோதனை சில வகைகளுக்கு உண்டு. இந்த நுரையீரல் புற்றுநோய்க்கு அது 2016 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் இல்லை என்று வந்தால் கட்டியிலும் இல்லை என்று அர்த்தமாகாது, அதையும் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் பயாப்ஸி எடுத்த மருத்துவமனையில் மெழுகுக் கட்டியில் பதித்த சதைத் துண்டு இருக்கும். பிளாக் என்பார்கள். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் நோயாளி எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். மலையிலிருந்து இன்னொரு ஊருக்கு, இன்னொரு மருத்துவரிடம் போகும்போது அவற்றைக் கூடவே கொண்டுபோனால், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு எது மாறியது என்று அங்கேயே பார்க்கலாம். வெயில் படாமல், சூடு ஏறாத இடத்தில் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.